உங்களுக்குத் தெரியுமா? கடைசித் தீர்ப்பு ரசிகர் கையில்!

இன்றைய மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குத் தரப்படும் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்று, அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகம் வழங்கும் கிராவ்மயர் விருது. வென்றவர் யார் என்று இறுதியில் முடிவு செய்வது இசை மேதைகள் அல்ல, சாதாரண ரசிகர்கள்!

● இசை அறிஞர்கள் முதலில் படைப்புகளைச் சலித்தெடுப்பார்கள். மிஞ்சியவற்றைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது ரசிகர் குழு. 1984இல் விருதை நிறுவிய சார்ல்ஸ் கிராவ்மயரும் இசைக்கலைஞர் அல்லர், தொழிலதிபர்தான்.

● பரிசு வாழ்நாள் சாதனைக்கு அல்ல, ஒரே ஒரு படைப்புக்கு. 1985இல் முதல் விருது போலந்தின் லூட்டோஸ்வாவ்ஸ்கி எழுதிய மூன்றாம் சிம்பொனிக்கு. அந்தப் பணத்தை அவர் தன் நாட்டு இளம் இசையமைப்பாளர்கள் வெளிநாட்டில் படிக்கக் கொடுத்துவிட்டார்.

● 1988இல் யாருக்கும் பரிசு இல்லை! அடுத்த ஆண்டு வென்றவர், கம்போடியாவில் பிறந்த சினாரி உங்.

ரசிகர் தீர்ப்புச் சொல்வது நம் மலையகத்தில் புதிதா என்ன? காமன் கூத்து நடக்கும் இரவில், சருகைக் கொளுத்தித் தப்பின் தோலைச் சூடேற்றி, ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். “இன்னுங் கொஞ்சம் காயணும்ணே!” என்று முதலில் குரல் கொடுப்பது பெரும்பாலும் லயத்து வாசலில் குந்தியிருக்கும் யாரோ ஒருவர்தான்.