உப்பாற்றங்கரைக் கசடு

உப்பளங்களைக் கண்டு பழகிய கேளம்பாக்கம் மக்களாகிய நமக்கு, தூத்துக்குடியின் துயரம் அந்நியமானதல்ல. அங்கே உப்பாற்றங்கரையில் ஸ்டெர்லைட் ஆலையின் தாமிரக் கசடு கொட்டப்பட்டிருந்தது.

1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி, ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தேவை. அதனைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். அபாயகரமான கழிவுகளுக்குத் தனி அங்கீகாரமும் பெற வேண்டும். கசடை அகற்றவில்லை, கழிவுக்கான அங்கீகாரம் இல்லை, நிலத்தடி நீர் ஆய்வறிக்கை தரவில்லை என்பன போன்ற காரணங்களால் 2018 ஏப்ரல் 9 அன்று வாரியம் இசைவைப் புதுப்பிக்க மறுத்தது. (அதுவரை இசைவு வழங்கி வந்ததும் இதே வாரியம்தான்!) அடுத்த மாதம், ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர், ஆலையும் மூடப்பட்டது.

கசடு அபாயகரமானதல்ல என்றது நிறுவனம். அப்படியே இருந்தாலும், ஆற்றோரம் அதைக் குவித்து வைக்கலாமா? டிசம்பரில் ஆலையைத் திறக்கச் சொன்ன பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2019-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூடியது சரியே என்று 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூற, 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

நம் ஊர் ஆலைகளின் இசைவாணை நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நாமும் கேட்கலாம். மனுக் கட்டணம் 10 ரூபாய்.