விருந்து வைக்கப் பழகிய பிள்ளை

1921 கிறிஸ்துமஸ் சமயம். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கு வடகிழக்கே சின்னச் சின்னத் தீவுகள் சிதறிக் கிடக்கும் கடல். அதில் வில்லேஜ் தீவு என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் டான் கிரான்மர் என்ற தலைவர் பல ஊர்க்காரர்களை அழைத்து, நாள்கணக்கில் விருந்து வைத்தார். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. மோட்டார் படகு, தையல் இயந்திரம், கிராமபோன், பில்லியர்ட்ஸ் மேசை, மாவு மூட்டை, நூற்றுக்கணக்கில் கம்பளி என்று வாங்கிப் போனார்கள்.

பின்னாலேயே போலீஸ் வந்தது. 45 பேர் மீது வழக்கு. என்ன குற்றம்? சொற்பொழிவு செய்தது, நடனம் ஆடியது, கொடுக்கவேண்டிய பொருளை அடுக்கி வைத்தது, அதைத் தூக்கிப்போய் உரியவர் கையில் தந்தது. இதற்காகச் சுமார் 20 பேர் சிறைக்குப் போனார்கள்.

கொடுத்ததற்குச் சிறையா? அந்த விருந்தின் பெயர் பாட்லாட்ச். 1885 முதல் கனடாவில் அது சட்டப்படி குற்றம். வில்லேஜ் தீவில் கூடியவர்கள் குவாக்வாக்கியவாக் மக்கள். அவர்களிடையே ஒருவர் எவ்வளவு சேர்த்தார் என்பது பேச்சில்லை. எத்தனை பேரைக் கூப்பிட்டார், யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதுதான் பேச்சு. சேர்த்து வைப்பதே வளர்ச்சி என்று நம்பிய அரசுக்கு இது பொறுக்கவில்லை.

இந்த வழக்கத்தின் வேரைத் தேடினால் ஆற்றில் போய் நிற்போம். பசிபிக் சால்மன் மீன் கடலில் வளர்ந்து, தான் பிறந்த ஓடையின் நீர்வாசனையை மோப்பம் பிடித்துத் திரும்பி வந்து முட்டையிடும். ஆனால் எல்லா ஓடைக்கும் எல்லா ஆண்டும் ஒரே அளவு வராது. இளஞ்சிவப்புச் சால்மனின் ஆயுளே இரண்டு வருஷம். அதனால் சில ஆறுகளில் ஒரு வருஷம் மீன் மொய்க்கும், மறு வருஷம் ஆறு காலியாகக் கிடக்கும். ஒரு வீட்டார் ஆற்றில் மீன் குவியும்போது அடுத்த வீட்டார் ஆறு காலியாக இருக்கலாம். இருப்பவன் இல்லாதவனைக் கூப்பிட்டுச் சோறு போட்டால், அடுத்த முறை இலை திரும்பி விழும். தெற்கே வாழும் கடற்கரை சாலிஷ் மக்களைப் பற்றி 1960இல் எழுதிய மானுடவியலாளர் வேய்ன் சட்டில்ஸ் இந்தக் கோணத்தைத்தான் காட்டினார்.

இதை வெறும் பஞ்சக் காப்பீடாகக் குறுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. ஊலிகன் என்றொரு சிறு மீன் குவாக்வாக்கியவாக் பகுதியில் உண்டு. காயவைத்துத் திரி கோத்தால் மெழுகுவர்த்தியாகவே எரியும், அவ்வளவு கொழுப்பு. அதன் எண்ணெயை விருந்து நடுவே அகப்பை அகப்பையாகத் தீயில் ஊற்றுவார்கள். சுவாலை கூரையைத் தொடும். முன்வரிசை விருந்தாளிகள் வியர்த்தாலும், சூடே உறைக்காதவர்போல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பஞ்சத்துக்குச் சேமிக்கிற கை இப்படி ஊற்றாது. ‘என்னால் இழக்க முடியும், பார்’ என்கிற கை அது. இஸ்ரேல் பறவையியலாளர் அமோட்ஸ் சகாவி, பாலைநிலத்து அரேபியத் தவிட்டுக்குருவிகளைப் பல்லாண்டு கவனித்து, மேல்நிலைக் குருவி கீழ்நிலைக் குருவிக்கு இரை ஊட்டித் தன் அந்தஸ்தைக் காட்டுகிறது என்றார். பின்னால் வந்த சில ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஈகையே வலிமையின் விளம்பரம் என்ற யோசனை பாட்லாட்சைப் படிப்பவர்களை விட்டபாடில்லை.

என்னை அதிகம் ஈர்ப்பது பிள்ளை வளர்ப்பு. மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1886 முதல் குவாக்வாக்கியவாக் மக்களிடையே போய் வந்தவர். ஹண்ட் என்ற ஆங்கிலேயருக்கும் கிளிங்கிட் இனத் தாய்க்கும் பிறந்து, இவர்களிடையே வளர்ந்த ஜார்ஜ் ஹண்டின் துணையோடு எழுதினார். 1897இல் வந்த அவர் நூலின்படி, குழந்தைக்கு முதலில் பிறந்த இடத்தின் பெயர்தான். ஒரு வயது ஆகும்போது உறவினர் ஒருவர் குலத்தாருக்குத் துடுப்போ பாயோ கொடுத்தால் அடுத்த பெயர் கிடைக்கும். ஆக, பேச்சு வருமுன்பே அந்தப் பிள்ளையின் பெயரால் யாரோ எதையோ வாங்கியிருக்கிறார்கள். பையன் வளர்ந்ததும் ஊராரிடம் கம்பளிகள் கடன் வாங்குவான். ஆண்டு கழித்து ஒன்றுக்கு இரண்டாகத் திருப்ப வேண்டும். அந்தக் கம்பளிகளை யாரிடம் கொடுத்துப் பெருக்குவது என்று பெரியவர்கள் சொல்லித்தருவார்கள். கடன்பட்டுத்தான் ஒருவன் பெரியவனாகத் தொடங்குகிறான்!

பாடம் இதோடு முடிவதில்லை. விருந்தில் யார் எங்கே அமர்வது, பரிசு யாருக்கு முதலில் போவது என்பதெல்லாம் பரம்பரை வரிசை. ஒரு பெயர் முன்பின்னாக விழுந்தால் அவமானம். எந்த வீடு எந்த வீட்டில் பெண் எடுத்தது, எந்தப் பெயர் எந்த ஆட்டத்துக்கு உரியது என்று பையனுக்கு மனப்பாடமாக வேண்டும். மொய் நோட்டு பழகிய நமக்கு இந்தக் கணக்கு பிடிபடும். ஆனால் அவர்களிடம் நோட்டு கிடையாது. கூடியிருந்தவர்களே நோட்டு. ஒரு பிள்ளை இன்ன பெயருக்கு வந்தான் என்பதைப் பார்த்தோம் என்று பின்னாளில் சொல்லத்தான் அவர்களுக்குப் பரிசு. சாட்சிக் கூலி என்றே சொல்லலாம். விருந்தாளி வராவிட்டால் அங்கே தலைவனே இல்லை. இந்த வழக்கத்துக்கு இசைந்து போவாஸும் 1894இல் ரூபர்ட் கோட்டை என்ற ஊரில் பிஸ்கட்டும் கரும்புப்பாகும் வைத்து ஊருக்கு விருந்து போட்டார்!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போவாஸ் கண்டது அந்த வழக்கத்தின் இயல்பான நாள்களை அல்ல. 1849இல் ஹட்சன் பே கம்பெனி ரூபர்ட் கோட்டையைக் கட்டியது, கடைக் கம்பளி வெள்ளமாய் வந்தது. 1862இல் பெரியம்மை ஊர் ஊராகத் தின்றது. உட்கார ஆளில்லாத இருக்கைகள், சொந்தம் கொண்டாட ஆளில்லாத பெயர்கள், குவிந்து கிடக்கும் கம்பளிகள். விருந்துப் போட்டி சூடேறாமல் என்ன செய்யும்? வெறித்தனமான ஊதாரிகள் என்று வெளியார் எழுதியதில் பாதி, வெளியார் கொண்டுவந்த சரக்கும் நோயும் செய்த வேலை.

1921 விருந்து வழக்கில் இன்னொரு பேரமும் நடந்தது. விருந்துக்குரிய முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தவர்கள் சிறை தப்பினார்கள். அவை ஒட்டாவா, டொரன்டோ, நியூயார்க் காட்சியகங்களுக்குப் பிரிந்து போயின. 1929இல் அதே பகுதியின் அலர்ட் பே ஊரில் செயின்ட் மைக்கேல் உறைவிடப் பள்ளிக்குச் செங்கல் கட்டடம் எழுந்தது. இவர்களின் பிள்ளைகள் அங்கே தாய்மொழி பேசத் தடை. விருந்தும் கூடாது, பிள்ளையும் வீட்டில் கூடாது. இருக்கை வரிசையை யார் யாருக்குச் சொல்லித்தருவது? தலைவர்கள் உருவாகும் இரண்டு வழியையும் அரசு சரியாகவே கண்டுபிடித்திருந்தது. ஆனாலும் மறைவாக விருந்துகள் நடந்தபடி இருந்தன.

1951இல் சட்டத்திலிருந்து தடை நீங்கியது. பொருள்களைத் திருப்பிக் கேட்டு வாங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அவற்றை வைக்க 1980இல் அலர்ட் பேயில் திறந்த நிலையத்துக்கு உமிஸ்தா என்று பெயர். முன்பெல்லாம் பகைவர் சிறைபிடித்துப் போனவர் வீடு திரும்பினால் அவருக்கு உமிஸ்தா கிடைத்தது என்பார்களாம். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனின் சேகரிப்பில் இருந்த ஒரு தலையணி 2003இல்கூடத் திரும்பி வந்தது.

உமிஸ்தாவில் பாட்லாட்ச் முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தது போதும் என்று விருந்தில் வரும் வரிசையிலேயே, சுவரோரம், மூடாமல் நிற்கின்றன.