புது விண்டோஸ் வேகமா... புது கம்ப்யூட்டர் வேகமா?

'விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களைவிட விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் 2.3 மடங்கு வரை வேகமானவை' என்று 2025-ல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் அந்த ஆண்டு அக்டோபர் 14-ம் தேதியோடு நிற்கப்போகிற நேரம் அது. பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்குமாக ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு, 'புதுசு வாங்கித்தான் ஆகணுமோ?' என்ற கவலையைக் கிளப்புகிற வாசகம்.

விஷயம் அதன் அடிக்குறிப்பில் இருந்தது. விண்டோஸ் 10-க்காகச் சோதனைக்கு எடுத்தவை இன்டெல்லின் 6, 8, 10-ம் தலைமுறை பிராசஸர் கொண்டவை. விண்டோஸ் 11-க்கு எடுத்தவையோ 12, 13-ம் தலைமுறை. ஒருவருக்குப் பத்து வருடப் பழைய பைக்கையும் இன்னொருவருக்கு ஷோரூம் பைக்கையும் கொடுத்துவிட்டு, யார் நன்றாக ஓட்டுகிறார் என்று பார்ப்பதைப் போன்ற போட்டி இது!

இந்தக் குழப்பம் புதிதல்ல. 2001-ல் வந்த எக்ஸ்.பி-க்கு 64 எம்.பி ரேம் இருந்தாலே ஓடும். 2007-ல் வந்த விஸ்டா, குறைந்தபட்சமே 512 எம்.பி கேட்டது. பழைய மெஷின்களில் அதை ஏற்றியவர்கள் நொந்துபோனார்கள். மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் ஒரு வேடிக்கை செய்தது. விஸ்டாவைப் பிடிக்காதவர்களை அழைத்து, 'மொஹாவி' என்ற புதிய விண்டோஸ் என்று சொல்லி ஒன்றைக் காட்டியது. பலரும் பாராட்டினார்கள். பிறகுதான் அது விஸ்டாவேதான் என்ற உண்மையை உடைத்தார்கள். அது ஓடியது, நிறுவனமே தயார்செய்து வைத்திருந்த நல்ல லேப்டாப்பில் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆன் ஆகும் நேரத்தை வைத்து ஒப்பிடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தால் சிஸ்டம் முழுமையாக அணைவதில்லை. விண்டோஸின் மையப் பகுதியை அப்போதிருக்கும் நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. மறுநாள் ஆன் செய்ததும் அதை அப்படியே எடுத்துக்கொள்வதால் சீக்கிரம் திறக்கிறது. விண்டோஸ் 7 ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கியது. தினமும் ஷட் டவுன் செய்தும் கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்பவர்கள், ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள். அதுதான் உண்மையான புதுத் தொடக்கம்.

சரி, ஒரே மெஷினில் 10, 11 இரண்டையும் மாறி மாறிப் போட்டால்? அன்றாட வேலைகளில் பெரிய வித்தியாசம் தெரியாது. சில கேம்களில் 11 சற்றுப் பின்தங்குவதும் உண்டு. அதிலுள்ள 'மெமரி இன்டக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி அதற்கு ஒரு காரணம். கேம் ஆடும்போது மட்டும் அதை அணைத்துக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்டே வழி சொல்லியிருக்கிறது.

வேகத்தை நிஜமாகவே மாற்றுவது டிஸ்க்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஒரு முனை அங்கும் இங்கும் நகர்ந்து தேடிப் படிக்க வேண்டும். விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி-யில் நகரும் பாகமே கிடையாது. விண்டோஸை மாற்றாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினாலே, நிமிடக் கணக்கில் காத்திருந்தவர்களுக்குச் சில நொடிகளில் திறந்துவிடும்.

உங்கள் கம்ப்யூட்டரில் தடை எங்கே என்று நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் டிஸ்க் எப்போதும் 100 சதவிகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எஸ்.எஸ்.டி தேவை. மெமரி நிரம்பி வழிந்தால் கூடுதல் ரேம் தேவை.

வேகமாக இருந்தது என்பதற்காக விண்டோஸ் 7-க்குத் திரும்புவது மட்டும் வேண்டாம். அதற்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. நெட் பேங்கிங் செய்பவர்கள் இந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம் 2.0 பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். மைக்ரோசாஃப்டின் 'பி.சி ஹெல்த் செக்' என்ற இலவச ஆப், உங்கள் மெஷினில் 11 ஏறுமா, ஏறாதா என்பதைச் சொல்லிவிடும். எஸ்.எஸ்.டி வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.