நிமிடங்களில் மறையும் மருந்து

2010 ஜனவரி 20. துபாயின் அல் புஸ்தான் ரொட்டானா ஓட்டலில் பாலஸ்தீன ஹமாஸ் இயக்கத்தின் மஹ்மூத் அல்-மப்ஹூஹ் இறந்து கிடந்தார். முதலில் இயற்கை மரணம் போலவே தெரிந்தது. பிப்ரவரி இறுதியில் துபாய் காவல்துறை நச்சு ஆய்வின் முடிவை அறிவித்தது: சக்சினில்கோலின் ஊசி போட்டு, மூச்சை அடைத்துக் கொன்றிருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தும் மருந்து இது. மயக்க மருந்து இல்லாமல் இதை மட்டும் செலுத்தினால் நினைவு இருக்கும், மூச்சுத் தசை அசையாது, கொடுமையான நிலை. ரத்தத்திலுள்ள நொதி இதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். கடைசியில் மிஞ்சும் சக்சினிக் அமிலமும் கோலினும் எல்லோர் உடலிலும் இருப்பவை, சாட்சிக்கு உதவாது. அதனால் பாதி உடைந்த சக்சினில்மோனோகோலினையும் நிறை நிறமாலைமானியில் தேடுவார்கள். ரத்த மாதிரியை உடனே குளிரில் வைத்து நொதியைத் தடுக்காவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.