ஒரே பாட்டில் ஓர் இசைத்தட்டு

"நாற்பத்து நான்கு நிமிடம் ஒரு பாட்டா? பாட்டா அது, இரயில் பயணமா?" என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. சென்ற ஆண்டு வரை நானும் அந்தக் கேலிக் கூட்டத்தில்தான் இருந்தேன். விடுதியில் என் அறை நண்பன் இரவில் அந்தப் பாட்டை ஓடவிட்டால் போர்வையை இழுத்துக் காதோடு மூடிக்கொள்வேன். காய்ச்சலாய்க் கிடந்த ஒரு நாள், எழுந்து நிறுத்தத் தெம்பில்லாமல் முழுதும் கேட்டுவிட்டேன். அன்றே கட்சி மாறினேன்.

இசைத்தட்டின் பெயர் 'திக் ஆஸ் எ பிரிக்'. செங்கல்லைப் போன்ற மந்தபுத்தி என்று பொருள். ஜெத்ரோ டல் என்னும் ஆங்கில ராக் குழு 1972இல் வெளியிட்டது. (ஜெத்ரோ டல் என்பவர் உண்மையில் விதைப்புக் கருவி செய்த பழைய வேளாண் அறிஞர். இக்குழுவுக்கும் அவருக்கும் பெயரைத் தவிர யாதொரு தொடர்பும் இல்லை!)

அது பிறந்த கதை வேடிக்கையானது. 1971இல் இக்குழு வெளியிட்ட 'அக்வாலங்' ஒரே கருத்தைச் சுற்றி எழுந்தது என்று திறனாய்வாளர்கள் எழுதினர். குழுத் தலைவர் இயான் ஆண்டர்சன் மறுத்துப் பார்த்தார், கேட்பாரில்லை. 'அப்படியா சேதி? இதோ அசலான ஒன்று!' என்று, அந்நாளைய நெடும்பாட்டு மோகத்தையே பகடி செய்யக் கிளம்பினார். உறையையே ஒரு சிற்றூர்ச் செய்தித்தாளாக அச்சிட்டார்கள், பன்னிரண்டு பக்கம். ஜெரால்டு பாஸ்டாக் என்ற எட்டு வயதுச் சிறுவன் கவிதைப் பரிசு பெற்றான். பெரியவர்கள் கூச்சலிடவே பரிசு பறிபோயிற்று. அவன் கவிதையே இப்பாட்டு என்பது செய்தி. சிறுவனும் கற்பனை, ஊரும் கற்பனை. எழுதியவர் ஆண்டர்சனே.

பகடியென்றால் ஒரு முறை சிரித்துவிட்டு வைத்துவிடலாம். இதை வைக்க முடியவில்லை. தந்தை தன் அச்சில் மகனை வார்க்கப் பார்ப்பதும், மகன் ஒரு நாள் அதே இடத்தில் நின்று அதே அதட்டலை அதட்டுவதும் பாட்டெங்கும் வருகின்றன. வீட்டார் குறித்த படிப்பைப் படிக்கவே இவ்வளவு வடக்கே வந்தவர் நம்மில் எத்தனை பேர்! நானும் ஒருவன். காய்ச்சலிலே கேட்டபோது சுட்டது அதுதான்.

புதிதாகக் கேட்போர் சொற்களைத் துரத்த வேண்டாம். அந்த ஆங்கிலம் முதலில் பிடிபடாது. தொடக்கத்தில் கிதார் நரம்பும் புல்லாங்குழலுமாக மெல்ல வரும் மெட்டை மட்டும் மனத்தில் முடிந்துகொள்ளுங்கள். மூன்று நிமிடத்தில் மின் கிதாரும் ஆர்கனும் முரசும் வெள்ளமாய்ப் பாயும். தாளம் மாறும், தலையாட்டுவோர் தடுமாறுவர். பழைய மெட்டுகள் வேடம் மாற்றி எட்டிப் பார்க்கும். 'நம் இராகம் தானம் பல்லவி போலவா?' என்று ஒருவர் கேட்டார். அன்று, அங்கே பாடகர் மேடையிலேயே கற்பனையாய்ப் பெருக்குகிறார், இங்கே பெரும்பாலும் முன்னமே கட்டி முடித்த வீடு. நடுவில் பாட்டு தேய்ந்து, காற்றொலியோடு மீண்டும் எழும். இசைத்தட்டைப் புரட்டிப் போட்ட காலத்துத் தையல் அது. கைப்பேசியில் கேட்டாலும் தெரியும். இரண்டாம் பக்கத்தில் சில இடங்கள் இழுவைதான். பொறுத்திருந்தால், ஆரவாரமெல்லாம் அடங்கித் தொடக்கத்து மெல்லிசையே திரும்ப வந்து நிற்கும்.

2012இல் ஆண்டர்சன் இதற்கு இரண்டாம் பாகம் வெளியிட்டார். வளர்ந்த ஜெரால்டு வங்கியாளன் ஆகியிருப்பானா, படைவீரனா, கடைக்காரனா, வீடற்றவனா என்று எண்ணிப் பார்ப்பது அது. முதலதன் சூடு அதில் இல்லை என்பது என் கட்சி. என் அறை நண்பன் ஒப்பவில்லை. சண்டை இன்னும் தீரவில்லை.

கேட்க விரும்புவோர் சனிக்கிழமை இரவு உணவுக்குப் பின் எங்கள் அறைக்கு வரலாம். நாற்பத்து நான்கு நிமிடமும் எவரும் பேசலாகாது என்பது அவன் விதித்த சட்டம்.