மேலேயிருந்து விழுந்த மருந்து

கேரளத்தில், காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவை ஒழிக்க 2000 வரை, இருபது வருஷத்துக்கு மேலாக, ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். மரத்துக்கு மேலே இரண்டு மூன்று மீட்டரில் பறந்தால்தான் மருந்து இலையில் விழும். மலைச்சரிவில் அது நடக்கிற காரியமா? உயரத்திலிருந்து விழுந்த மருந்து காற்றோடு போய்க் கிணறு, ஓடை, வீட்டுக் கூரை எல்லாவற்றிலும் படிந்தது. 2001-இல் அகமதாபாத் ஆய்வு நிறுவனத்தார் வந்து பரிசோதித்தார்கள். தெளிப்பு நின்று மாதக்கணக்கான பிறகும் பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தில் மருந்து இருந்தது! 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது.

இப்போ தெளிக்க டிரோன் வந்தாச்சு. நம்ம பக்கத்து ஆடிக் காத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காத்து ஓய்ந்த நேரத்தில் தாழ்வாகப் பறக்கச் சொல்லுங்க. அதுக்கு முந்தியே கிணற்றை மூடி, மாடுகளை அப்பால் கட்டிடுங்க.