நள்ளிரவில் நின்றுபோன புரோகிராம்: தப்பு எந்த வரியில்?

இப்படி ஒரு இரவை யோசித்துப் பாருங்கள். மணி 2. ஒரு வங்கியின் மெயின்பிரேம் கம்ப்யூட்டரில் சம்பளப் பட்டுவாடா புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென நின்றுவிடுகிறது. திரையில் ‘எஸ்0சி7’ என்ற பிழைக் குறியீடும் சில எண்களும் மட்டும். விடிவதற்குள் சரிசெய்யாவிட்டால் ஊழியர்களின் கணக்கில் பணம் ஏறாது. நைட் ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு உடனே தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஆயிரக்கணக்கான வரிகளில் தப்பு எந்த வரியில்?

மெஷின் அதை நேரடியாகச் சொல்லாது.

ஏன் சொல்லாது?

ஐபிஎம் 1964-ல் அறிமுகப்படுத்திய சிஸ்டம்/360 வழிவந்த மெயின்பிரேம்கள் இன்றும் வங்கி, காப்பீடு, அரசுத் துறைகளில் ஓடுகின்றன. அவற்றில் பல புரோகிராம்கள் கோபோல் மொழியில் எழுதப்பட்டவை. மனிதர் எழுதுவது மூலநிரல், அதாவது சோர்ஸ் கோட். கம்பைலர் அதை மெஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது. ‘இதோடு அதைக் கூட்டு’ என்ற ஒரே வரி, பல மெஷின் கட்டளைகளாகலாம். ஓடுவது இந்தக் கட்டளைகள்தான். அதனால் மெஷினுக்குத் தெரிந்தது மெமரி முகவரி மட்டுமே.

எஸ்0சி7 என்றால்?

எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஒன்று இருக்கிறது என்று பொருள். மெயின்பிரேமில் தொகைகளைப் பெரும்பாலும் ‘பேக்டு டெசிமல்’ முறையில் வைப்பார்கள். ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம். கடைசி அரை பைட்டில் கூட்டல் அல்லது கழித்தல் குறி. அங்கே வெற்றிடம் நிரம்பிவிட்டால் 404040 என்றாகிவிடும். கடைசியில் உள்ள 0 செல்லுபடியாகும் குறி அல்ல. கூட்டச் சொன்னதும் மெஷின் கையை விரித்துவிடும்.

வரியைப் பிடிப்பது எப்படி?

ஒரு கழித்தல் கணக்குதான். உதாரணத்துக்கு, புரோகிராம் மெமரியில் 12000-ல் தொடங்குகிறது; நின்றபோது பதிவான முகவரி 12846. கழித்தால் 846. (இவை 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்கள்.)

இங்கே ஒரு பொறி உண்டு. இந்த வகைப் பிழையில் பதிவாகும் முகவரி, தவறிய கட்டளையைக் காட்டாது. அதற்கு அடுத்த கட்டளையைக் காட்டும். தவறிய கட்டளையின் நீளம் 6 பைட் என்றால், அதையும் கழிக்க வேண்டும். விடை 840.

அடுத்து, கம்பைல் செய்தபோது கிடைத்த ‘லிஸ்டிங்’ வேண்டும். எந்த வரியின் கட்டளைகள் எந்த இடத்தில் தொடங்குகின்றன என்ற பட்டியல் அதில் இருக்கும். 412-வது வரி 834-ல், 413-வது வரி 846-ல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 840 விழுவது 412-ல். அந்த 6-ஐ மறந்திருந்தால், எந்தத் தப்பும் செய்யாத 413-வது வரியை இரவெல்லாம் முறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வரி கிடைத்தால் போதுமா?

போதாது. 412-வது வரி வெடித்த இடம். திரி கொளுத்தப்பட்டது வேறெங்கோ இருக்கலாம். அந்த வெற்றிடம் பெரும்பாலும் உள்ளே வந்த ஃபைலிலிருந்தோ, ஆரம்ப மதிப்பு கொடுக்காமல் விட்ட புலத்திலிருந்தோ வந்திருக்கும். எந்தப் பதிவைப் படித்தபோது நின்றது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

உண்மையான ஆபத்து

கணக்கு சரியாக இருந்தும் விடை தப்பாகலாம். கம்பைல் ஆன புரோகிராம் ஓரிடத்திலும் மூலநிரல் வேறிடத்திலும் இருக்கும். இடையில் யாராவது இரண்டு வரி சேர்த்து மறுபடி கம்பைல் செய்திருந்தால், பழைய லிஸ்டிங் தவறான வரியைக் காட்டும், அதுவும் துளி சந்தேகம் வராதபடி! அதனால்தான் அனுபவசாலிகள் முதலில், புரோகிராமுக்குள் பதிந்திருக்கும் கம்பைல் தேதி, நேரத்தை லிஸ்டிங்கில் உள்ளதோடு ஒப்பிடுகிறார்கள். வரியைத் தானாகவே காட்டும் மென்பொருள்களும் உண்டு. ஆனால் அவற்றுக்கும் அதே கம்பைலின் லிஸ்டிங் தேவை.

மூலநிரலே தொலைந்துவிட்டால்? மெஷின் கட்டளைகளை அசெம்பிளி மொழிக்குத் திருப்பலாம். ஆனால் எழுதியவர் விட்டுச்சென்ற விளக்கக் குறிப்புகள் திரும்ப வராது.

2020 ஏப்ரலில், கரோனா காலத்தில் வேலையின்மை நிவாரண விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்தவர்கள் உதவ வர வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். ஆள் கிடைப்பதே அரிதாகும் துறையில், நேற்றைய ஆள் சேமித்து வைத்த லிஸ்டிங்தான் இன்றைய ஆளுக்குத் துணை. புதிய பதிப்பை ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதன் லிஸ்டிங்கையும் கூடவே பத்திரப்படுத்துங்கள். அடுத்த 2 மணி அழைப்பு உங்களுக்கே வரலாம்.